லோடு வராத நாள்

மாரண்டஹள்ளி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
உரக்கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில்
ஆறடிக்கு எட்டடி என் கடை.
அங்கேதான் கெம்பம்மா அதைக் கொண்டுவந்து வைத்தாள்,
தக்காளி கிரேட்டில்,
கோணிச் சாக்கு போர்த்தி.

மகன் பிளஸ் டூவில் வாங்கிய அரசாங்க லேப்டாப்.
மூடிமேல் இருந்த படத்தைப் பாதி சுரண்டியிருந்தான்.
அவன் இப்போது ஓசூரில் ஷிப்டுக்குப் போகிறான்,
இது மண்டிக்கு வந்துவிட்டது.
பட்டனை அமுக்கினால் நெல் மிஷின் ஓடும் சத்தம்.
'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்று
இருபத்தேழு சதவீதத்தில்
நாலு நாளாக நிற்கிறதாம்.
"நானும் அணைக்கலப்பா," என்றாள்.
"சொன்ன பேச்சைக் கேட்டன்."

என்னென்ன வேலை இதில் என்று கேட்டேன்.
ராயக்கோட்டை ரேட்டு, கோலார் ரேட்டு,
கரண்டு பில்,
எப்பவாவது பட்டா சிட்டா,
ராத்திரி எட்டரைக்கு மகன் முகம்.
இதற்காகவா இந்தப் பெட்டி
ஒரு கல்யாண மண்டபத்தையே
முதுகில் தூக்கிக்கொண்டு அலைந்தது?

பழையதில் காப்பாற்ற ஏதாவது உண்டா என்றதற்குக்
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள்.
லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்து முடிக்கும்வரை.
"ஒண்ணும் இல்ல. அழி."

பென் டிரைவைச் செருகினேன்.
டீ வந்து, ஆறி, ஆடை கட்டுவதற்குள்
முடிந்துவிட்டது.
வெறும் நீலம். கீழே ஒரு வட்டம்.
தொட்டால் இணையம்.
மிஷின் சத்தம் நின்று
பக்கத்துக் கடையில் பசை காய்ச்சும் சத்தம் கேட்டது.

"இதுல என்னென்ன இல்ல?"
என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.
சொல்ல ஆரம்பித்தேன்.
சீட்டாட்டம் இல்லை, வைரஸ் துரத்துகிற ஆள் இல்லை,
மாசாமாசம் புதுப்பித்துக்கொண்டு
நம்மை உட்காரவைக்கிற...
"போதும்," என்றாள். "பெருக்கறதுக்குச் சுளுவு."

வியாழக்கிழமை மழை.
பெட்டமுகிலாளம் மலைப்பக்கம் வெட்டிய மின்னலில்
எங்கோ ஒரு கேபிள் போய்விட்டது.
சனிக்கிழமை மறுபடி கிரேட்டோடு வந்தாள்.
"கரண்டு இருக்குது, வெளிச்சம் இருக்குது.
கூப்பிட்டா ஆளில்ல."

திறந்து பார்த்தேன். இணைப்பு இல்லை.
ஒரு வெள்ளைப் பக்கம், அதில் அறுந்த ஒயர் படம்.
விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்:
அரிசியும் அடுப்பும் வேறே ஊரில் இருக்கு அக்கா,
இங்கே இருப்பது நிலைப்படி மட்டும்தான்.
எடை குறைந்துவிட்டது என்று அன்றைக்குச் சிரித்தேனே,
குறைந்த எடை எங்கே போனது என்று
சொல்லவில்லை நான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை.
"மண்டி மாதிரிதான்னு சொல்லு," என்றாள்.
"லோடு வராத நாள்ல அங்கயும் சிமெண்டுத் தரைதான்.
நாயி வந்து படுத்துக்கும்."
பிறகு, கிரேட்டைத் தூக்கப்போனவள்
கையை எடுத்துவிட்டாள்.
"ஆனா தராசு இருக்குமே.
லோடு வந்தாலும் வராட்டியும்
அது என்னுதுதான.
இதுல அப்பிடி ஒண்ணு வை."

வைத்தேன்.
கேபிள் அறுந்தாலும் வேலை செய்கிற
ஒரு கால்குலேட்டர்.
எண்களைப் பெரிசாக்கிக் கொடுத்தேன்,
கண்ணாடியை வீட்டில் விட்டுவந்திருந்தாள்.

முதல் கணக்கு என் கூலி.
முந்நூறு.
இருநூற்றைம்பது ரூபாயை மேசையில் வைத்தாள்.
கிரேட்டின் அடியிலிருந்து நாலு கிலோ தக்காளி,
அன்றைக்குக் கிலோ பன்னிரண்டு.
ஒற்றை விரலால் மெதுவாக அடித்தாள்,
நாலு, பெருக்கல், ஒன்று, இரண்டு.
கூட்டினாள். கழித்தாள்.
"ரெண்டு ரூபா நிக்குது," என்று
திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு
மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு மத்தியானம் கேபிள் சரியாகிவிட்டது.
கோலார் ரேட்டு வருகிறது, மகன் முகம் வருகிறது.
அந்த ரெண்டு ரூபாய் மட்டும்
எந்தச் சர்வரிலும் ஏறாமல்
கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக
அப்படியே நிற்கிறது.